சுழலும் இயந்திரத்தின் அதிர்வும் லினக்ஸின் வேலையும்: ஓர் எளிய விளக்கம்

தொழிற்சாலைகளில் அதிர்வுக் கண்காணிப்பு பற்றிய பேச்சு இப்போது தாராளமாக நடக்கிறது. மோட்டார்மேல் ஒரு சென்சாரை ஒட்டு, பக்கத்தில் லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியை வை, மீதியைச் செயற்கை நுண்ணறிவு பார்த்துக்கொள்ளும் என்கிறது ஒரு தரப்பு. லினக்ஸுக்கு நேரம் தவறாமை கிடையாது, இதற்கெல்லாம் விலையுயர்ந்த தனிக் கருவிதான் வேண்டும் என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். இயந்திரம் எவ்வளவு ஆடுகிறது என்று அளந்தால் போதும் என இரண்டு தரப்பும் நினைத்துக்கொள்கின்றன. ஆனால் கோளாறு எங்கே என்று காட்டிக்கொடுப்பது, அந்த ஆட்டம் நொடிக்கு எத்தனை முறை நிகழ்கிறது என்ற கணக்கு. கணக்குச் சரியாக வர வேண்டுமானால் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். அந்தக் கடிகாரம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தே லினக்ஸின் வேலை முடிவாகிறது.

ரயில் பெட்டியில் கேட்கும் 'தடக்'

தண்டவாளங்களைப் பற்றவைத்து நீளமாக்காத பழைய அகலப் பாதைகளில் ஒவ்வொரு தண்டவாளமும் 13 மீட்டர் நீளம். ஒரு சக்கரத்தை மட்டும் கவனித்தால், ஒவ்வொரு இணைப்பையும் தாண்டும்போது ஒரு 'தடக்' விழும். வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நொடிக்கு ஏறத்தாழ 16.7 மீட்டர். ஆகவே நொடிக்கு 1.3 தட்டுகள்.

இப்போது பிரேக் இறுகி, சக்கரம் சுழலாமல் வழுக்கியதில் அதன் விளிம்பில் ஒரு சிறு தட்டைப் பகுதி விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஐசிஎஃப் பெட்டியின் புதுச் சக்கரம் 915 மில்லிமீட்டர் விட்டம், சுற்றளவு கிட்டத்தட்ட 2.9 மீட்டர். அந்தத் தட்டைப் பகுதி சுற்றுக்கு ஒரு முறை, அதாவது நொடிக்கு 5.8 முறை தட்டும். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கூட எண்ணிப் பார்த்தே சொல்லிவிடலாம்: நொடிக்கு 1.3 என்றால் பழுது பாதையில், 5.8 என்றால் சக்கரத்தில். எது அதிகச் சத்தம் என்பதை வைத்து இதைச் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வண்டியின் வேகம் பாதியானால் இரண்டு எண்களும் பாதியாகும், ஆனால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் எத்தனை தட்டு என்ற விகிதம் மாறாது. அதிர்வு ஆய்வு முழுக்க இந்த விகிதத்தின்மேல்தான் நிற்கிறது.

மோட்டாருக்குள் தட்டுபவர்கள்

நொடிக்கு எத்தனை முறை என்பதற்கு அலைவெண் என்று பெயர். அதன் அலகு ஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் நான்கு துருவ மோட்டார் சுமையோடு 1440 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 1440 சுற்று சுற்றினால், நொடிக்கு 24 சுற்று. அந்த மோட்டாரின் சுழற்சி அலைவெண் 24 ஹெர்ட்ஸ்.

ஃபேன் இறக்கையில் ஒரு பக்கம் மட்டும் தூசி அப்பிக்கொண்டால் எடை ஒரு பக்கம் சாய்கிறது. அது சுற்றுக்கு ஒரு முறை இழுக்கும், 24 ஹெர்ட்ஸில் தெரியும். மோட்டார் ஷாஃப்டும் பம்ப் ஷாஃப்டும் ஒரே கோட்டில் இல்லாமல் அலைன்மென்ட் தவறியிருந்தால், பெரும்பாலும் சுற்றுக்கு இரண்டு முறை, 48 ஹெர்ட்ஸில் துருத்திக்கொண்டு நிற்கும். அஸ்திவார போல்ட் தளர்ந்திருந்தால் 24, 48, 72, 96 என்று படிப்படியாக ஒரு வரிசையே எழும். பம்பின் இம்பெல்லரில் ஆறு இறக்கைகள் இருந்தால் 144 ஹெர்ட்ஸில் ஒரு தட்டு வரும். அது நோயில்லை, தண்ணீர் தள்ளும் வேலையின் சத்தம். திடீரென்று வளர்ந்தால்தான் கவலை. மின்காந்த இழுப்பினால் வருவது மின்சார அலைவெண்ணின் இரட்டிப்பு, நம் ஊர் மின்சாரத்தில் 100 ஹெர்ட்ஸ்.

எல்லாவற்றிலும் சுவாரசியமானது பேரிங். சிறிய மோட்டார்களில் பரவலாக இருக்கும் 6205 பேரிங்கை எடுத்துக்கொள்வோம். அதில் ஒன்பது குண்டுகள். உள்வளையம் ஷாஃப்டோடு சுற்றுகிறது, வெளிவளையம் அசையாமல் நிற்கிறது, நடுவில் குண்டுகளைத் தாங்கும் கூடு ஷாஃப்டின் வேகத்தில் ஏறக்குறைய 0.4 மடங்கு வேகத்தில் நகர்கிறது. வெளிவளையத்தில் ஒரு சிறு குழி விழுந்தால், ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் சுமார் 3.585 குண்டுகள் அதைத் தாண்டுகின்றன. உள்வளையத்தில் குழி என்றால் 5.415. இரண்டையும் கூட்டினால் ஒன்பது, குண்டுகளின் எண்ணிக்கை. 1440 ஆர்பிஎம்மில் இவை முறையே 86 ஹெர்ட்ஸும் 130 ஹெர்ட்ஸும் ஆகும்.

இந்த எண்கள் முழு எண்களாக இல்லாததுதான் நமக்கு வாய்ப்பு. எடைச் சாய்வு, அலைன்மென்ட், தளர்வு எல்லாம் சுழற்சி அலைவெண்ணின் முழு மடங்குகளில் உட்கார்ந்திருக்க, பேரிங் மட்டும் இடைவெளியில் தலைகாட்டும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: இயந்திரக் கோளாறு ஒவ்வொன்றுக்கும் சுழற்சி வேகத்தோடு ஒரு விகிதம் உண்டு, விகிதத்தைப் பிடித்தால் கோளாறு எது என்று பெரும்பாலும் பிடித்துவிடலாம். 'பெரும்பாலும்' என்பதை அழுத்திப் படிக்கவும். சுற்றுக்கு இரண்டு முறை வருவதெல்லாம் அலைன்மென்ட் தவறு என்று சாதிப்பவர்கள் இரண்டு ஷாஃப்டையும் இணைக்கும் நல்ல கப்ளிங்கைக் கழற்றிப் போட்டுவிட்டு விழிப்பார்கள்.

அப்படியானால் மில்லிமீட்டர் கணக்கு எதற்கு?

ஆட்டத்தின் அளவுக்கும் வேலை இருக்கிறது. இயந்திரம் நலமா இல்லையா என்பதை அது சொல்லும். 1939இல் டி. சி. ராத்போன் என்ற அமெரிக்கப் பொறியாளர், எவ்வளவு அதிர்வு தாங்கத்தக்கது என்று ஒரு வரைபடம் வெளியிட்டார். அவர் வேலை பார்த்தது காப்பீட்டு நிறுவனத்தில். இயந்திரம் உடைந்தால் பணம் கொடுக்க வேண்டியவர்களுக்கு முதலில் அக்கறை வந்ததில் வியப்பில்லை.

இன்று பின்பற்றப்படுவது ஐஎஸ்ஓ 10816 வரிசைத் தரங்களும் அவற்றின் இடத்துக்கு வரும் 20816 வரிசையும். இவற்றில் அளவு, அதிரும் பரப்பின் வேகம்: நொடிக்கு எத்தனை மில்லிமீட்டர். மேலும் கீழுமாக மாறிக்கொண்டே இருக்கும் வேகத்தை ஒரே எண்ணாக்க ஆர்எம்எஸ் என்ற ஒருவகைச் சராசரியை எடுக்கிறார்கள். 10816இன் மூன்றாம் பகுதிப்படி, 15 முதல் 300 கிலோவாட் வரையிலான, உறுதியான அடித்தளத்தில் அமர்ந்த இயந்திரத்துக்கு 1.4 வரை புதிது போன்ற நிலை, 2.8 வரை நீண்ட காலம் ஓட்டலாம், அதற்குமேல் 4.5 வரை சரிசெய்யும் நாள் வரும்வரை மட்டும் ஓட்டலாம், 4.5ஐத் தாண்டினால் சேதம் நேரலாம்.

ஏன் வேகத்தை எடுக்கிறார்கள், சென்சார் அளப்பது முடுக்கத்தை அல்லவா என்று கேட்கலாம். நொடிக்கு 4.5 மில்லிமீட்டர் என்ற ஒரே வேகம் 25 ஹெர்ட்ஸில் நிகழ்ந்தால் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தின் 0.07 மடங்கு, 1000 ஹெர்ட்ஸில் நிகழ்ந்தால் 2.9 மடங்கு. முடுக்கம் உயர் அலைவெண்களை ஊதிப் பெரிதாக்கும், நகர்ந்த தூரம் தாழ் அலைவெண்களைப் பெரிதாக்கும். வேகம் இரண்டுக்கும் நடுவில் நியாயமாக இருக்கிறது.

கலவையைப் பிரிப்பது

சென்சாரிலிருந்து வருவது எல்லாத் தட்டுகளும் கலந்த ஒரே கோடு. அதை அலைவெண்வாரியாகப் பிரித்துக் கொடுப்பது ஃபூரியே உருமாற்றம். கணினியில் அதை விரைவாகச் செய்யும் வழியை 1965இல் கூலியும் டூக்கியும் வெளியிட்டார்கள். அதைத்தான் எஃப்எஃப்டி என்கிறார்கள். அதிலிருந்து கிடைக்கும் படத்துக்கு நிறமாலை என்று பெயர்: கிடைக்கோட்டில் அலைவெண், நெடுக்கில் அளவு, ஆங்காங்கே மேடுகள்.

இங்கே ஒரு விதியை மறக்கவே கூடாது. எவ்வளவு நேரம் பதிவுசெய்கிறோமோ அவ்வளவு நுட்பமாகத்தான் பிரிக்க முடியும். ஒரு நொடிப் பதிவில் ஒரு ஹெர்ட்ஸ் இடைவெளிக்குக் குறைவானவை ஒட்டிக்கொள்ளும். இரண்டு துருவ மோட்டார் ஒன்று 2980 ஆர்பிஎம்மில் ஓடுகிறது. அதன் சுழற்சி அலைவெண்ணின் இரட்டிப்பு 99.33 ஹெர்ட்ஸ். மின்காந்த அதிர்வு 100 ஹெர்ட்ஸ். நடுவில் இருப்பது 0.67 ஹெர்ட்ஸ் மட்டுமே. ஒன்றரை நொடிக்குள் பதிவை முடித்துக்கொண்டால் இரண்டும் ஒரே மேடாகத் தெரியும். அலைன்மென்ட் தவறா, மின் கோளாறா என்று தெரியாது. நடைமுறையில் அதைவிடச் சில மடங்கு நீளமான பதிவு வேண்டும். கைவசம் நீளப் பதிவு இல்லையென்றால் பழைய தந்திரம் ஒன்று இருக்கிறது: மின்சாரத்தை நிறுத்திப் பார்ப்பது. மின்காந்த மேடு அந்தக் கணமே மறையும். இயந்திரக் கோளாறின் மேடு ஷாஃப்ட் வேகம் குறையக் குறைய நகர்ந்துகொண்டே தணியும்.

பொய் சொல்லும் மாதிரிகள்

கணினி அதிர்வைத் தொடர்ச்சியாகப் பார்ப்பதில்லை. நொடிக்கு இத்தனை முறை என்று எட்டிப் பார்த்து எண்களாக எழுதிக்கொள்கிறது. ஒவ்வோர் எண்ணும் ஒரு மாதிரி. நமக்கு வேண்டிய மிக உயர்ந்த அலைவெண்ணின் இரண்டு மடங்குக்கு மேல் மாதிரி எடுக்க வேண்டும் என்பது நைக்விஸ்ட் விதி. இத்துறையில் வழக்கமாக 2.56 மடங்கு வைத்துக்கொள்கிறார்கள்.

விதியை மீறினால் தகவல் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். குறைந்தால் பரவாயில்லை, பொய்யான தகவல் சேரும். நொடிக்கு 1000 மாதிரி எடுக்கும் கருவியிடம் 900 ஹெர்ட்ஸ் அதிர்வு வந்தால், நிறமாலையில் அது 100 ஹெர்ட்ஸில் மேடாக நிற்கும். மின் கோளாறு என்று நினைத்து மோட்டாரை ரீவைண்டிங்குக்கு அனுப்பிவிடலாம். பதிவான பிறகு எந்த மென்பொருளாலும் இதைத் திருத்த முடியாது. மாதிரி எடுப்பதற்கு முன்பே உயர் அலைவெண்களை மின்சுற்றிலேயே வடிகட்ட வேண்டும். மலிவான சென்சார் பலகைகள் பலவற்றில் செலவைக் குறைக்கக் கைவைக்கப்படும் முதல் இடம் இந்த வடிகட்டிதான்.

லினக்ஸ் எங்கே நிற்கிறது

எஃப்எஃப்டி செய்யும் கணக்கு, மாதிரிகளுக்கு நடுவிலான இடைவெளி எப்போதும் ஒன்றே என்று நம்பிக்கொண்டிருக்கிறது. தொடக்கக்காரர்கள் எழுதும் நிரல் வழக்கமாக இப்படி இருக்கும்: பைத்தான் மொழியில் திரும்பத் திரும்ப ஓடும் ஒரு சுழல் (லூப்), சென்சாரைப் படி, ஒரு மில்லிநொடி தூங்கு, மறுபடி படி. லினக்ஸ் அதே நேரத்தில் நெட்வொர்க்கையும் மெமரி கார்டையும் வேறு நிரல்களையும் கவனித்துக்கொண்டிருக்கிறது. ஒரு மில்லிநொடி கழித்து எழுப்பு என்றால் சற்றுத் தாமதமாகத்தான் எழுப்பும், சில வேளை நன்றாகவே தாமதமாக. இந்தத் தடுமாற்றம் ஒவ்வொரு மாதிரியிலும் மாறும். நிறமாலையில் கூர்மையான மேடுகள் கரைந்து, அடியில் குப்பை உயரும். லினக்ஸ் உதவாது என்ற தீர்ப்பு பிறப்பது இங்கேதான். தவறு லினக்ஸுடையதாக இருந்தால் தீர்ப்பை ஒப்புக்கொள்ளலாம். கடிகார வேலையை அதன் தலையில் கட்டியவரல்லவா தவறு செய்தார்?

முறையான அமைப்பில் மாதிரியின் நேரத்தைத் தீர்மானிப்பது சென்சார் சிப்புக்குள், அல்லது அனலாக் சமிக்ஞையை எண்ணாக்கும் சிப்புக்குள் இருக்கும் கடிகாரம். அந்தச் சிப் மாதிரிகளை எடுத்துத் தன்னிடமுள்ள சிறு வரிசையில் அடுக்கும். லினக்ஸ் வந்து மொத்தமாக அள்ளிக்கொண்டு போகும். மலிவான ஏடிஎக்ஸ்எல்345 சென்சாரில் 32 மாதிரிகளுக்கு இடமுண்டு. அதன் உச்ச வேகம் நொடிக்கு 3200 மாதிரி. ஆகவே 10 மில்லிநொடிக்குள் ஒரு முறை வந்து அள்ளினால் போதும். ஏழாவது மில்லிநொடியில் வந்தாலும் ஒன்பதாவதில் வந்தாலும் எண்கள் மாறப்போவதில்லை, அவை முன்பே எடுக்கப்பட்டுவிட்டன. அந்த முழு வேகம் வேண்டுமானால், சிப்பையும் கணினியையும் இணைக்கும் முறைகளில் எஸ்பிஐ என்பது தேவை. இன்னொரு முறையான ஐ2சி இணைப்பின் 400 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் நொடிக்கு 800 மாதிரிக்குமேல் போகாது.

லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் இந்த வேலைக்கென்றே ஐஐஓ என்ற பகுதி இருக்கிறது. அது சென்சார்களையும் எண்ணாக்கும் சிப்புகளையும் ஒரே விதமாகக் கையாண்டு, மாதிரிகளைக் கோப்பைப் படிப்பதுபோல் படிக்கத் தருகிறது. ஒலிப் பகுதியும் அதே வேலையைப் பல்லாண்டுகளாகச் செய்துவருகிறது. யுஎஸ்பி வழியாக இணையும் சில அதிர்வுச் சென்சார்கள் தங்களை ஒலி அட்டை என்றே அறிமுகப்படுத்திக்கொள்கின்றன. லினக்ஸ் அவற்றை மைக்ரோஃபோனாக நினைத்துப் பதிவுசெய்கிறது, நமக்கும் அதில் ஒரு குறையும் இல்லை.

கர்னலைக் குறித்த நேரத்தில் பதிலளிக்க வைக்கும் ப்ரீஎம்ப்ட்-ஆர்டி என்ற மாற்றம் நீண்ட காலம் தனியே சேர்த்துக்கொள்ளும் ஒட்டாக (பேட்ச்) இருந்து, 2024 நவம்பரில் வந்த 6.12 பதிப்பிலிருந்து முதன்மைக் கர்னலில் சேர்ந்திருக்கிறது. நல்ல செய்திதான். ஆனால் அதிர்வைப் பதிவுசெய்ய மட்டும் என்றால், கடிகாரம் சிப்பில் இருக்கும்வரை, பெரும்பாலும் சாதாரணக் கர்னலே போதும்.

சுருக்கமாக: எப்போது அளப்பது என்பது சிப்பின் பொறுப்பு. வரிசை நிரம்பி வழிவதற்குள் அள்ளுவது, கணக்கிடுவது, சேமிப்பது, அனுப்புவது லினக்ஸின் பொறுப்பு.

பேரிங்கின் முதல் முனகல்

வெளிவளையத்தில் குழி விழுந்த தொடக்கத்தில் நிறமாலையின் 86 ஹெர்ட்ஸில் போய்ப் பார்த்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம். தட்டு அவ்வளவு மென்மையானது. ஆனால் ஒவ்வொரு தட்டும் பேரிங்கைச் சுற்றியுள்ள இரும்பைச் சில ஆயிரம் ஹெர்ட்ஸில் ஒரு கணம் ரீங்கரிக்க வைக்கிறது. அந்த ரீங்காரம் நொடிக்கு 86 முறை எழுந்து எழுந்து அடங்கும். உயர் அலைவெண் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, அதன் ஏற்ற இறக்கத்தின் விளிம்பை வரைந்து, அந்த விளிம்புக்கு எஃப்எஃப்டி எடுத்தால் 86 ஹெர்ட்ஸ் பளிச்சென்று நிற்கும். உறை ஆய்வு என்பது இதுதான். பேரிங்கை முன்கூட்டியே பிடிப்பவர்கள் அதிகம் நம்புவது இதையே.

இதற்கு நொடிக்கு 3200 மாதிரி எடுக்கும் சென்சார் போதாது; அது 1600 ஹெர்ட்ஸுக்குமேல் பார்க்காது. எடைச் சாய்வுக்கும் அலைன்மென்டுக்கும் அது தாராளம். பேரிங்குக்கு, அழுத்தம் பட்டால் மின்னூட்டம் எழுப்பும் படிகம் கொண்ட பீசோ சென்சாரும் (மாறாத மின்னோட்டத்தில் இயங்கும் ஐஈபிஈ வகை), அதற்கேற்ற எண்ணாக்கும் சிப்பும் வேண்டும். ராஸ்பெரி பையில் பொருந்தும் எம்சிசி 172 பலகை, 24 பிட் நுட்பத்தில் இரண்டு சென்சார்களை நொடிக்கு 51,200 மாதிரி வேகத்தில் படிக்கும்.

சென்சாரை வைக்கும் இடமும் முக்கியம். பேரிங் அமர்ந்திருக்கும் வார்ப்பின்மேல், திருகியோ நல்ல பசையில் ஒட்டியோ வைக்க வேண்டும். இடம் வசதியாக இருக்கிறது என்று மோட்டாரின் பின்புறத் தகர மூடியில் ஒட்டினால், தகரம் எப்படி ஆடுகிறது என்பதைத்தான் மிகத் துல்லியமாக அளந்துகொண்டிருப்போம்.

எதைச் சேமிப்பது

நொடிக்கு 25,600 மாதிரி, ஒவ்வொன்றும் நான்கு பைட் என்றால் ஒரே ஒரு சென்சாருக்கு நாளொன்றுக்கு 8.8 ஜிபி. அத்தனையும் மெமரி கார்டில் எழுதினால் பேரிங்குக்கு முன் கார்டு தேய்ந்துவிடும். மணிக்கு ஒரு முறை பத்து இருபது நொடி பதிவுசெய்து, நிறமாலையையும் ஆர்எம்எஸ் எண்ணையும் மட்டும் வைத்துக்கொண்டு, ஏதாவது மாறும்போது மட்டும் முழுப் பதிவைச் சேமிப்பது நடைமுறை. கூடவே அந்த நேரத்துச் சுழற்சி வேகத்தையும் எழுதிவைக்க வேண்டும். மின்சார அலைவெண்ணை மாற்றும் விஎஃப்டி கருவி மூலம் வேகம் மாறும் மோட்டாரில், வேகம் தெரியாத நிறமாலை எத்தனை இருந்தாலும் படிக்க முடியாது.

சென்சார் வாங்குமுன் பழகிப் பார்க்க

அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம், 2 எச்பி மோட்டார் ஒன்றில் 6205 பேரிங்குகளில் வேண்டுமென்றே சிறு குழிகள் ஏற்படுத்தி, அதிர்வைப் பதிவுசெய்து இலவசமாக வெளியிட்டிருக்கிறது. மிகச் சிறிய குழியின் விட்டம் 0.18 மில்லிமீட்டர். லினக்ஸ் மடிக்கணினியில் பைத்தானும், அதன் கணக்கு நூலகங்களான நம்பை, சைபையும் இருந்தால் போதும். சுமையில்லாமல் 1797 ஆர்பிஎம்மில் ஓடிய பதிவை எடுத்து உறை ஆய்வு செய்து, வெளிவளையக் குழி 107 ஹெர்ட்ஸிலும் உள்வளையக் குழி 162 ஹெர்ட்ஸிலும் தெரிகின்றனவா என்று தேடிப் பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவு பேரிங்கைக் கண்டுபிடித்துவிட்டது என்று காட்டும் கட்டுரைகள் பலவும் இதே பதிவுகளில் பயின்று, இதே பதிவுகளில் தேர்வெழுதியவை. மின்பொறியால் குடைந்த சீரான குழி. தொழிற்சாலைச் சூழல் இல்லாத ஆய்வகம். சில வேளை பயிற்சியிலும் தேர்விலும் அதே பேரிங். அங்கே வாங்கிய மதிப்பெண்ணை அப்படியே தொழிற்சாலைக்கு எடுத்துக்கொண்டு வருபவரிடம் கொஞ்சம் கேள்வி கேட்பது நல்லது.

லினக்ஸிடம் கொடுக்கக் கூடாத வேலை

கண்காணிப்பு வேறு, பாதுகாப்பு வேறு. பேரிங் இன்னும் சில வாரங்களில் போய்விடும் என்று சொல்வது கண்காணிப்பு. அதில் ஐந்து நிமிடத் தாமதம் ஒரு பொருட்டில்லை. பெரிய டர்பைனின் ஷாஃப்ட் எல்லை மீறி ஆடும்போது நொடிகளில் டிரிப் செய்து நிறுத்துவது பாதுகாப்பு. டர்பைன்களிலும் பெரிய கம்ப்ரஸர்களிலும் இதற்கு அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏபிஐ 670 தரப்படி தனி அமைப்பு வைக்கிறார்கள். ஷாஃப்டைத் தொடாமலே அதன் அசைவை அளக்கும் சென்சார்கள் நேராக அதோடு இணைந்திருக்கும். பொதுப்பயன் கணினி ஒன்றை அந்த இடத்தில் உட்கார வைக்கக் கூடாது. அதே பாதுகாப்புக் கருவியின் முகப்பில் ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு நகல் வெளியீடு இருக்கும். லினக்ஸ் கணினியை அங்கே இணைத்துக்கொள்ளலாம். அது அப்டேட்டுக்காக நடுவில் அணைந்து எழுந்தாலும் டிரிப் வேலை பாதிக்கப்படாது.